பதினேழு கட்டம், மீதி காடா: ஏற்காட்டுக் கட்டிலுக்குத் தைத்த ஒரு குவில்ட்

துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து, நடுவில் மெத்தென்று ஓர் அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட். அதில் லாக் கேபின் என்று ஒரு கட்டம் உண்டு, அதை யார் தைத்தாலும் ஒன்றுதான். நடுவில் ஒரு சின்னச் சதுரம். அதைச் சுற்றி நான்கு பக்கமும் பட்டை பட்டையாகத் துணி. ஒரு மூலையைச் சேர்ந்த இரண்டு பக்கம் வெளிர் நிறம், எதிர் மூலையைச் சேர்ந்த இரண்டு பக்கம் அடர் நிறம். அமெரிக்காவில் 1860களிலிருந்து வீடு வீடாகத் தைத்த கட்டம் இது. அந்தக் கட்டத்தில் கை வைக்காமல் அடுக்கும் முறையை மட்டும் மாற்றினால் போர்வை எவ்வளவு தூரம் புதிதாகும்? அந்தப் புதுமைக்கு வேண்டிய உழைப்பு எங்கே போய் விழுகிறது? சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தையல் கூடத்தில் முடித்த ஒரு வேலையை வைத்து இதை எழுதுகிறேன்.

வந்த வேலை

நாங்கள் வழக்கமாகத் தைப்பது ஜாக்கெட், தலையணை உறை, பள்ளிச் சீருடை. குவில்ட் இடையிடையே வரும். இந்த ஆர்டர் ஏற்காட்டிலிருந்து வந்தது. பழைய பங்களா ஒன்றை விருந்தினர் தங்கும் வீடாக மாற்றியிருக்கும் ஒரு அம்மா, தன் பாட்டியின் நூல் சேலைகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தார். 60க்கு 78 இஞ்ச் கட்டில், அதற்குப் போர்வை. 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழிக் குளிரைத் தாங்க வேண்டும். விருந்தாளி மாறும்போதெல்லாம் துவைக்க வேண்டியிருக்கும். இதற்கு மேல் ஒரு நிபந்தனை: "பாட்டி காலத்துது மாதிரி தெரியக் கூடாதுங்க. ஆனா பாட்டிது எதுவும் போயிடவும் கூடாது."

அளவை 84க்கு 96 என்று வைத்தோம். 12 இஞ்ச் கட்டமாகப் பிரித்தால் குறுக்கே 7, நெடுக்கே 8, மொத்தம் 56. இந்த அளவில் ஒரு வசதி உண்டு. மெத்தை 60 இஞ்ச் என்பதால் இரண்டு பக்கமும் சரியாக ஒவ்வொரு வரிசை கீழே தொங்கும். நடு ஐந்து வரிசைதான் மேலே படுத்திருக்கும். கால்மாட்டில் 18 இஞ்ச் இறங்கும். தலைமாட்டின் முதல் வரிசையைத் தலையணை மறைத்துவிடும். படம் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. இணையத்தில் வரும் குவில்ட் படங்களில் பல சுவரில் தொங்கவிட்டு எடுத்தவை. சுவரில் அழகாக ஒதுங்கி நிற்கிற ஒரு கொத்து, கட்டிலில் பாதி மடங்கித் தொங்கிப் போகும்.

எதை மாடர்ன் என்கிறார்கள்

லாஸ் ஏஞ்சலிஸில் 2009ல் தொடங்கிய மாடர்ன் குவில்ட் கில்ட் என்ற அமைப்பு, பழைய கட்டங்களைப் புது விதமாகத் தைக்கும் இந்த "மாடர்ன்" போக்குக்கு ஒரு பெயரும் மேடையும் கொடுத்தது. 2013ல் ஆஸ்டின் நகரில் தங்கள் முதல் குவில்ட்கான் கண்காட்சியை நடத்தினார்கள். அவர்கள் அடிக்கடி சொல்லும் குணங்கள் சில உண்டு: அழுத்தமான ஒற்றை நிறங்கள், நிறைய வெற்றிடம், நடுவை விட்டு நகர்ந்த அமைப்பு, ஒரே கட்டத்தைப் பெரிதாகவும் சிறிதாகவும் போடுவது, பழைய கட்டங்களைப் புது விதமாக அடுக்குவது.

இவற்றில் பாதிக்கு மேல் புதிது கிடையாது என்பது என் எண்ணம். அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் கிழித்து, லாக் கேபினுக்கு உறவான "ஹவுஸ்டாப்" அமைப்பை நினைத்தபடி வளைத்தும் கோணியும் பல பத்தாண்டுகளாகத் தைத்தவர்கள். 2002ல் அவை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்கு வந்தபோதுதான் நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டு எல்லோரும் பேசினார்கள். இதை நான் சொல்வதற்குக் காரணம் எங்கள் மூட்டைதான். எங்களிடம் இருந்ததும் பழைய துணி. அதில் அளந்து வாங்கிய ஒற்றை நிறம் எதுவும் இல்லை. கட்டம், கோடு, கரை, மங்கிய சாயம் என்று கலவையாகக் கிடந்தது.

துணி

மூட்டையைப் பிரித்ததும் பொறுக்குவதிலேயே நிறைய நேரம் போனது. கட்டிப் பழகிய சேலை எல்லா இடத்திலும் ஒரே அளவுக்குத் தேயாது. உட்காரும் பகுதி வலையாகிவிடும், முந்தானையும் கரையும் கெட்டியாக இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, இழை விலகிய இடங்களைக் கழித்தோம். செயற்கை இழை கலந்த இரண்டு சேலைகளைத் தனியே எடுத்து வைத்தோம். நூல் துணிக்கு வைக்கிற சூட்டில் இஸ்திரிப் பெட்டி பட்டால் அவை சுருண்டுவிடும்.

அப்புறம் சாயம். ஒவ்வொரு நிறத்திலிருந்தும் ஒரு துண்டை வெள்ளை வேட்டித் துணியோடு சேர்த்து வெந்நீரில் ஊறப்போட்டோம். அரக்குச் சேலை வேட்டித் துண்டை ரோஜா நிறமாக்கியது. கல் உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். சாயத் தொட்டியில் உப்பு போடுவது, சாயத்தைத் துணிக்குள் ஏற்றுவதற்கு. ஏற்கெனவே சாயம் போட்ட துணி இறங்குவதை அது தடுக்காது. அந்த அரக்கை அந்த அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று தெரிந்தும் ஒதுக்கினோம். நிறம் நெருக்கமாக அடைத்த குவில்டில் கொஞ்சம் இறங்கினாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். கட்டங்களைச் சுற்றி வெறும் துணியாகத் தெரியும் வெளிர் தரை அகலமாகக் கிடக்கும் குவில்டில் ஒரு சொட்டுக்கும் மன்னிப்பு கிடையாது. லாக் கேபினின் நடுச் சதுரம் சிவப்பாக இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம், வீட்டின் அடுப்பைக் குறிப்பது என்பார்கள். எங்கள் நடுச் சதுரம் மாம்பழ மஞ்சளாயிற்று.

தரைக்கு வெளுக்காத காடாத் துணி, 60 இஞ்ச் பன்னா, அதாவது அகலம். பருத்திக் கொட்டைத் துகள் அங்கங்கே புள்ளியாகத் தெரியும் அந்தப் பழுப்பு வெள்ளை, மங்கிய சேலை நிறங்களுக்குப் பக்கத்தில் தூய வெள்ளையைவிட நன்றாக உட்கார்ந்தது. பாவுக்குப் போட்ட கஞ்சி காடாவில் அப்படியே இருக்கும், துவைத்தால் நன்றாகச் சுருங்கவும் செய்யும். ராத்திரி முழுக்க ஊறவைத்து, அலசி, காயவைத்து, மறுபடி ஒரு முறை துவைத்த பிறகுதான் கத்திரி வைத்தோம். சேலைத் துணிக்கு நேர் எதிர் வைத்தியம். அது தளர்ந்து கிடந்தது, அதற்குச் சோற்றுக் கஞ்சியைக் கெட்டியாகப் போட்டு இஸ்திரி செய்தோம். பட்டைகளைப் பாவு வாக்கில் வெட்டினோம். ஊடை வாக்கில் வெட்டினால் நீளும், கிராஸில், அதாவது சாய்வாக, வெட்டினால் கேட்கவே வேண்டாம்.

நிறத்தை அடர், வெளிர் என்று பிரிப்பதில் கண் ஏமாற்றும். எல்லாத் துண்டுகளையும் தரையில் பரப்பி, செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பார்த்தோம். பளிச்சென்ற ஒரு கிளிப்பச்சை, காடாவோடு சேர்ந்து காணாமல் போனது. மங்கல் என்று நாங்கள் நினைத்த ஒரு நீலம் தெளிவாக நின்றது.

நான்கு விரிப்புகள்

முதலில் 16 கட்டம் மட்டும் தைத்தோம். மீதியைக் காகிதத்தில் அச்செடுத்து வெட்டிக்கொண்டோம். 56 கட்டத்தையும் தைத்துவிட்டு அடுக்கிப் பார்க்கிறவர்களுக்கு மனம் மாறுவதற்கு இடமிருக்காது.

முதல் விரிப்பு, மரபானது. 56ஐயும் இடைவெளி இல்லாமல் வைத்து, அடரும் வெளிரும் வைரம் வைரமாக விரியும் "பார்ன் ரெய்சிங்" அமைப்பு. எனக்குப் பிடித்திருந்தது. மலையிலிருந்து வந்து பார்த்த அந்த அம்மா, "லுங்கிக் கடையில நிக்கற மாதிரி இருக்குங்க" என்றார். நிறம் அத்தனையும் ஒரே சத்தத்தில் பேசினால் எந்தச் சேலை எது என்றே தெரியவில்லை என்பது அவர் குறை. அது நியாயமான குறைதான்.

இரண்டாவது, ஒன்று விட்டு ஒன்று. ஒரு லாக் கேபின், ஒரு வெறும் காடாச் சதுரம், சதுரங்கப் பலகை போல. துணி மிச்சம், வேலை பாதி. ஆனால் முன்னதைவிடப் பழசாகத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குப் பிடிபட்ட விஷயம் இது: வெற்றிடத்தை எல்லா இடத்துக்கும் சமமாகப் பங்கு போட்டால் அது வெற்றிடமாகத் தெரியாது, வெறும் இடைவெளி ஆகிவிடும். ஓரிடத்தில் குவிந்து, இன்னோரிடத்தில் இல்லாமல் போனால்தான் கண் அதைக் கவனிக்கிறது.

மூன்றாவது, கட்டங்களை மூலை மேலே வருமாறு டயமண்டாகத் திருப்புவது. 12 இஞ்ச் கட்டத்தின் மூலைக்கு மூலை கிட்டத்தட்ட 17 இஞ்ச். ஐந்து வைத்தால் 85, அகலத்துக்கு ஏறக்குறைய ஒத்து வருகிறது. 96 நீளத்துக்கு ஐந்தரைக்கு மேல் வேண்டும், ஓரத்தை முக்கோணங்களால் நிரப்ப வேண்டும். அந்த முக்கோணத்தை 18¼ இஞ்ச் சதுரத்தை இரண்டு மூலையாகவும் குறுக்கே வெட்டி நான்காக எடுத்தால்தான் நீளப் பக்கம் நேர் இழையில் வரும், ஓரம் இழுபடாது. கணக்கு சிக்கலில்லை. ஆனால் தேய்ந்த சேலையின் கட்டங்கள் அத்தனையும் சாய்வில் தொங்கும். சில மாதத்தில் போர்வை தொய்ந்துவிடும் என்று எங்கள் மூத்த தையல்காரர் அக்கா சொன்னார். அத்தோடு விட்டோம்.

நான்காவதுதான் நின்றது. கட்டம் தைக்கும்போதே ஒரு மாற்றம் செய்திருந்தோம்: வெளிர்ப் பக்கத்துப் பட்டைகள் எல்லாம் காடா. அதாவது தரையும் கட்டத்தின் பாதியும் ஒரே துணி. காடாத் தரையில் வைத்ததும் அந்தப் பாதி தரைக்குள் கரைந்துபோனது. சதுரம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆசாரியின் மூலைமட்டம் போல நிறப் பட்டைகள் மட்டும் ஒன்றுக்குள் ஒன்றாக மிதந்தன. பழைய கட்டம், ஒரு தையல்கூட மாறவில்லை. எல்லை மட்டும் காணோம்.

16 கட்டத்தையும் நான்குக்கு நான்காக, பார்ன் ரெய்சிங் வைரமாகச் சேர்த்தோம். இடமிருந்து 2 முதல் 5 வரை, மேலிருந்து 3 முதல் 6 வரை. இடப்பக்கம் முதல் வரிசையில் வைத்தால் தொங்கலில் போய்விடும் என்பதால் இரண்டில் தொடக்கம். பிறகு வலது மேல் மூலையின் நான்கு கட்டத்தை மட்டும் ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்தினோம். வைரம் உடைந்து, நடுவில் காடா நுழைந்தது. பார்க்கிறவர் மனம் அந்த உடைசலைத் தானே மூட முயல்கிறது, அதுதான் இந்த விரிப்பின் உயிர்.

பதினேழாவது கட்டம் பற்றிக் கூடத்தில் இன்னும் சண்டை. வலப்பக்கத் தொங்கலில், கால்மாட்டை ஒட்டி, மற்ற எதோடும் ஒட்டாமல் தனியாக ஒன்று வைத்தேன். அந்த அறைக்கு வாசல் வலப்பக்கம், உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். அக்காவுக்கு அது மிச்சம் விழுந்த துண்டை ஒட்டியது போலத் தெரிகிறதாம். எனக்கு அது வேண்டும்.

அரை நூல் கணக்கு

வெறும் துணி நிறைய இருந்தால் வேலை சுலபம் என்று கேள்விப்பட்டுதான் கூடத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு விதத்தில் உண்மை. எங்கள் கட்டத்தில் நடுச் சதுரம் 2 இஞ்ச், சுற்றிலும் ஒரு இஞ்ச் பட்டையாக ஐந்து சுற்று, ஆக 21 துண்டு. 56 கட்டமென்றால் 1,176 துண்டு. 17 கட்டத்துக்கு 357தான்.

ஆனால் அளவு பிசகினால் தப்பிக்க வழியில்லை. தையலுக்கு விடுவது கால் இஞ்ச், இஞ்சுக்கு எட்டு நூல் என்ற கணக்கில் இரண்டு நூல். அதில் அரை நூல் கூடுதலாகப் பிடித்தால் ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கத் துணியும் சேர்ந்து ஒரு நூல் குறையும். இந்தக் கட்டத்தின் குறுக்கே பத்துத் தையல் ஓடுகிறது. பத்து நூல் போனால் கட்டம் ஒன்றே கால் இஞ்ச் சிறுத்துவிடும். ஒன்பது சதுரத் துண்டை மூன்றுக்கு மூன்றாக வைத்துத் தைக்கும் நைன் பேட்ச் கட்டத்தில் குறுக்கே இரண்டே தையல், அங்கே இதே பிசகு கால் இஞ்சோடு நிற்கும். எல்லாக் கட்டமும் ஒரே கையால் தைத்து, ஒன்றையொன்று ஒட்டி நின்றால் எல்லாமே ஒரே மாதிரி சிறுத்திருக்கும், போர்வை கொஞ்சம் குட்டையாவதோடு சரி. பக்கத்தில் அளந்து வெட்டிய காடா நின்றால் உடனே காட்டிக் கொடுக்கும். ஒன்று இழுக்கும், இல்லையென்றால் சுருங்கும்.

அதனால் மூன்று ஏற்பாடு செய்தோம். மிஷினில் ஊசியிலிருந்து இரண்டு நூல் தள்ளி, தட்டின்மேல் இன்சுலேஷன் டேப்பை அடுக்காக ஒட்டித் துணி இடிக்க ஒரு வரம்பு வைத்தோம். கடைசிச் சுற்றுப் பட்டையைக் கொஞ்சம் அகலமாக வெட்டி, கட்டம் முடிந்த பிறகு எல்லாவற்றையும் தையலுக்கு விடும் அரை இஞ்சும் சேர்த்து 12½க்கு நறுக்கினோம். தரைத் துணியைக் கட்டம் தயாரான பிறகே வெட்டினோம். அதையும் 39 சதுரமாக வெட்டவில்லை. பன்னா இடம் கொடுக்கும் வரை பெரிய பெரிய பாளங்களாக எடுத்தோம். வெறும் தரையின் குறுக்கே காரணமில்லாமல் ஒரு தையல் கோடு ஓடினால் கண் முதலில் அங்கேதான் போகும்.

நடுவில் என்ன வைப்பது

இலவம்பஞ்சு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். மெத்தைக்கு நல்லது, துவைக்கிற போர்வைக்கு ஆகாது. தண்ணீர் பட்டால் ஒரு மூலையில் போய்க் கட்டியாகும். வாடிங் என்பது விரிப்பாகவே வரும் பஞ்சு அடுக்கு. பருத்தி வாடிங் கைக்கு இதமாக இருக்கும், ஆனால் கனம், காய நாளாகும். ஐப்பசியில் ஏற்காட்டில் மூடுபனிக்குள் துணி காயப்போட்டவர்களுக்கு அடுத்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய பாலியஸ்டர் வாடிங் போட்டோம். பழைய துணிக் குவில்டில் பாலியஸ்டரா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் துவைக்கப் போவதில்லை.

ஓட்டுத்தையலும் கூலியும்

மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் தையல்தான் குவில்டை குவில்ட் ஆக்குகிறது. எங்கள் கால் மிஷினின் கைக்கு அடியில் 84 இஞ்ச் அகலத்தைச் சுருட்டித் திணிக்க முடியாது, ஆகவே கையால் போட்டோம். லாக் கேபினின் பட்டைக் கோடுகளைத் தரைக்குள் நீட்டியது போல, குறுக்கே ஒன்றரை இஞ்சுக்கு ஒரு கோடு. 96 இஞ்ச் நீளத்தில் 64 கோடு, ஒவ்வொன்றும் 84 இஞ்ச். கூட்டினால் 136 மீட்டர். நிறம் நிறைந்த கட்டத்தில் தையல் கொஞ்சம் கோணினால் தெரியாது. வெறும் காடாவில் ஒவ்வொரு ஓட்டும் தெரியும். கட்டம் தைத்து முடித்ததைவிட இதற்குத்தான் நாள் கூடுதலாக ஆனது.

நூல் நிறத்தை முடிவு செய்ய ஒரு மாதிரித் துண்டைத் தைத்து மேலே அனுப்பியிருந்தோம். சேலத்தில் எங்கள் ஜன்னல் வெயிலில் காடா நிற நூலே குழியும் மேடுமாக நிழல் போட்டு எடுப்பாகத் தெரிந்தது. பங்களா அறையின் மந்தமான வெளிச்சத்தில் அதே தையல் இருக்கிற இடம் தெரியவில்லை. அங்கே நிழலே விழாது. இரண்டு படி அடர்த்தியான பழுப்பு நூலுக்கு மாறினோம். மலைக்குத் தைக்கிறவர்கள் ஒரு துண்டையாவது இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது கூலி. எங்கள் கூடத்தில் கட்டத்துக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். நான்காவது விரிப்பு முடிவானதும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "கட்டம் குறைஞ்சா எங்க கூலியும் குறையுமா கண்ணு?" பழைய கணக்கில் குறையத்தான் செய்யும். 56க்கு வர வேண்டிய இடத்தில் 17க்குதான் வரும், 136 மீட்டர் கைத்தையல் கணக்கிலேயே வராது. மறுபக்கம் அந்த அம்மா: "பாதிக்கு மேல சும்மா துணிதானுங்களே, அதுக்கும் இவ்வளவா?" இரண்டும் ஒரே கேள்விதான், இரண்டு திசையிலிருந்து வந்தது. காலியாக இருப்பது சும்மா இருப்பது என்ற நினைப்பு.

பில்லை மூன்றாகப் பிரித்தோம்: கட்டத்துக்குப் பீஸ் கணக்கு, தரைத் துணிக்கு ஊறவைத்தது முதல் வெட்டியது வரை ஒரு கூலி, ஓட்டுத்தையலுக்கு மீட்டர் கணக்கு. அந்தத் தாளைப் பார்த்த பிறகு பேரம் நின்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேரம் சரியான இடத்துக்கு வந்தது: "கோட்டை கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டா குறையுமா?" குறையும். வாடிங் நகராமல் இருக்க ஒன்றரை இஞ்ச் நெருக்கம் தேவையில்லை, அது அழகுக்காக. மூன்று இஞ்சுக்கு ஒரு கோடு போட்டாலும் பிடிக்கும். இன்னும் புசுபுசுவென்று இருக்கும், சூடும் கொஞ்சம் கூடும். இந்த மாடர்ன் போக்கில் நெருக்கமான கோட்டுத்தையலுக்குத்தான் மவுசு. குளிர்கிற ஊரில் அது தேவைதானா என்று யோசிக்கலாம்.

ஓரத்துக்கு ஒரு சேலையின் கரையையே பட்டியாக அடித்தோம். கரை நெருக்கமாக நெய்தது, கை படுகிற ஓரத்துக்கு அதைவிடக் கெட்டியான துணி மூட்டையில் இல்லை.

பிறகு

போர்வை மேலே போய்ச் சில சலவை கண்டுவிட்டது. சாயம் இறங்கவில்லை, தரை சுருங்கவில்லை. வைரம் உடைந்த இடத்தை விருந்தாளிகள் படம் எடுக்கிறார்களாம். பதினேழாவது கட்டத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லையாம், அக்கா இதை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். குறை ஒன்று வந்தது. காபித் தோட்டத்து வீடு, படுக்கையிலேயே காபி குடிக்கிறார்கள், காடாத் தரையில் கறை பளிச்சென்று தெரிகிறது.

இரண்டாவது கட்டிலுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். இந்த முறை தரை கருநீலம், அதையும் வேட்டித் துண்டோடு வெந்நீரில் போட்டுப் பார்த்தாயிற்று. கட்டம் நைன் பேட்ச், மூன்று அளவில்: ஒன்று மட்டும் 36 இஞ்ச், சில 12, சில 6. ஒதுக்கி வைத்த அரக்குச் சேலையை இதில் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறார். கருநீலத்தின்மேல் அது இறங்கினாலும் தெரியாதுதான், ஆனால் பக்கத்தில் வெளிர் நிறம் எதுவும் வைக்க முடியாது. ஓட்டுத்தையல் மூன்று இஞ்சுக்கு ஒரு கோடு. கூலித் தாள் அதே மூன்று வரி.